எத்தன கைக்குத் தாங்கும்?

அக்காவோடு பாத்திரக் கடைக்குப் போனால் அன்றைக்கு வேறு வேலை எதுவும் ஆகாது. கடைக்காரர் எடுத்து வைக்கிற ஒவ்வொரு சாமானையும் கவிழ்ப்பார். நடுவிரல் முட்டியால் அடியில் தட்டுவார். தட்டிவிட்டுக் காதைச் சாய்த்துக்கொண்டு நிற்பார், உள்ளேயிருந்து யாரோ பதில் சொல்லப்போகிற மாதிரி. அப்புறம்தான் அந்தக் கேள்வி வரும்.

“எத்தன கைக்குத் தாங்கும்?”

மற்றவர்கள் எத்தனை வருஷம் உழைக்கும் என்று கேட்பார்கள். அக்காவுக்கு வருஷக் கணக்கெல்லாம் வேண்டாம். ஒரு சாமான் வாங்கினால் அதை யார் யார் வந்து எடுத்துக்கொண்டு போவார்கள், யார் கீழே போடுவார்கள், யார் அடிப்பிடிக்க விட்டுக் கரண்டியால் சுரண்டுவார்கள், அத்தனைக்கும் அது தாங்குமா, இதுதான் அவருக்குத் தெரிய வேண்டும். கம்பைநல்லூர்ப் பாத்திரக் கடைக்காரர் அவர் தலையைப் பார்த்ததுமே உள்ளே போய் ஓட்டல் சாமானாக எடுத்து வந்துவிடுவார். வீட்டுக்கென்று செய்த சாமானைக் காட்டினால் அவர் முகம் போகிற போக்கு அந்தக் கடைக்காரருக்குத் தெரியும்.

கூடப்பிறந்த அக்கா இல்லை, பக்கத்துத் தோப்பு அக்கா. நான் பி.காம். முடித்துவிட்டு இந்த மாந்தோப்புக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். எங்கள் தோப்புக்கும் அவர் தோப்புக்கும் நடுவில் ஒரு முள்வேலி, அதில் ஆள் நுழைகிற அளவுக்கு ஒரு சந்து. நான் வந்த புதிதில், என் அம்மா சீராகக் கொடுத்த கிரைண்டரைப் பார்க்க அந்தச் சந்து வழியாக வந்தார். மேஜைமேல் வைக்கிற சின்ன கிரைண்டர். நானே கலர் பார்த்து எடுத்தது. அக்கா அதை ஒரு தட்டுத் தட்டினார்.

“இது யாருக்கும்மா?”

“எங்களுக்குத்தான்க்கா.”

“அது தெரியுது. வேற யாருக்கு?”

எனக்குச் சுர்ரென்று ஏறியது. என் வீட்டு கிரைண்டர் எனக்கில்லாமல் வேறு யாருக்கு? அதை முகத்தில் காட்டினேன். அதையெல்லாம் கண்டுகொள்கிற ஆளா அவர்! “காதுகுத்து, மொட்டைன்னு வந்தா நம்ம வூட்டுக்கு வந்துடு. அங்க ஆட்டிக்கலாம்” என்று சொல்லிவிட்டுச் சந்து வழியாகப் போய்விட்டார்.

அவர் வீட்டில் இருந்தது ஓட்டல்களில் இருக்கிற, குடத்தைச் சாய்த்து மாவை வழித்தெடுக்கிற கிரைண்டர். வீட்டில் இருந்த ஆள் அவர் ஒருவர்தான். கணவர் போய் ரொம்ப காலம் ஆகியிருந்தது. ஒரே மகன் புனேயில் கம்பெனி வேலையில் இருந்தார். ஒண்டி ஆளுக்கு ஓட்டல் கிரைண்டர், கல்யாண அண்டாக்கள், ஒரு தெருவையே உட்கார வைக்கிற ஜமக்காளம். ஊரில் ‘அண்டாக்கா’ என்றால்தான் தெரியும். நேரில் யாரும் அப்படிக் கூப்பிடமாட்டார்கள். ஆனால் அது அவருக்கும் தெரியும்.

மாசி மகத்துக்குத் தீர்த்தமலைக்கு நடந்து போகிறவர்களுக்கு எங்கள் சாலையோரம் சாப்பாடு போடுவது உண்டு. அரிசி ஒருவர் கொடுப்பார், பருப்பு ஒருவர் கொடுப்பார், அண்டா அக்காவுடையது. கொடுத்துவிட்டுச் சும்மா போவாரா? கூடவே வந்து நிற்பார். “தீய கொற, அடிப்புடிக்கும்.” “அந்தக் கரண்டிய ஏன் இந்த அடி அடிக்கற?” வாங்கினவர்களுக்கு ஏன்டா வாங்கினோம் என்று ஆகிவிடும். உதவியும் செய்வார், உயிரையும் எடுப்பார் என்று என் வீட்டுக்காரர் சொல்வார். கேட்காதவர்களுக்கும் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போவதுதான் இன்னும் கொடுமை. என் மகள் பெயர்சூட்டு விழாவுக்கு நான் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல அந்த ஜமக்காளத்தைக் கொண்டுவந்து விரித்தார். பாதி வீட்டுக்கு வெளியே கிடந்தது.

தனக்கென்று வரும்போது மட்டும் எல்லாம் தலைகீழ். சாப்பிடுவது விளிம்பு நசுங்கிய ஒரு சின்ன அலுமினியத் தட்டில். செருப்பு வாரில் ஊக்கு குத்தியிருக்கும். குடையில் ஒரு கம்பி வெளியே நீட்டிக்கொண்டு பக்கத்தில் வருகிறவர்கள் கண்ணைத் தேடும்.

“ஏன்க்கா, ஊருக்கெல்லாம் ஓட்டல் சாமான் வாங்கறீங்க, உங்களுக்கு ஒரு செருப்பு வாங்கக்கூடாதா?”

“எனக்கு மட்டுந்தானே. இது போதும் போ.”

இந்த ‘எனக்கு மட்டுந்தானே’யைக் கேட்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவர் அதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை, மனதாரச் சொன்னார். அதனால்தான் கோபம் அதிகமாக வந்தது.

புல்லைப் பற்றிச் சொல்ல வேண்டும். புல் என்றால் ஏதோ பசுமை, பனித்துளி என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். மழை விழுந்து கொஞ்ச நாளிலேயே மாமரத்தடியில் முட்டியளவு நிற்கும். அதற்குள் எலி வரும். எலிக்குப் பின்னால் கண்ணாடி விரியன் வரும். ஒரு வருஷம் அக்கா தோப்பில் புல் அறுக்க வந்த அம்மாவை விரியன் கடித்துவிட்டது. தர்மபுரி பெரிய ஆஸ்பத்திரியில் கிடந்து எப்படியோ பிழைத்தார். அதற்குப் பிறகு எங்கள் பக்கம் எந்தத் தோப்பிலும் கால் வைக்க ஆள் வரவில்லை. டிராக்டர் விட்டால் கிளையில் இடிக்கும், அடிமரத்தை அண்டவும் முடியாது. தோளில் மாட்டி வெட்டுகிற மிஷின்காரர் எப்போதாவது அகப்பட்டால் உண்டு. அக்கா வீட்டு வாசல்படி வரைக்கும் புல் ஏறிவிட்டது. அவருக்கோ வலது முட்டி தேய்ந்து, உட்கார்ந்தால் எழுப்ப ஆள் வேண்டும்.

மகன் போனில் தெளிவாகச் சொல்லிவிட்டார். “அம்மா, அடுத்த மழைக்குள்ள இந்தப் புல்லுக்கு ஒரு வழி பண்ணு. இல்லன்னா தோப்பக் குத்தகைக்கு வுட்டுட்டு எங்கூட வந்துடு. பாம்புக்கு நடுவுல உன்ன ஒண்டியா வுட்டுட்டு என்னால இங்க தூங்க முடியல.”

அவர் சொன்னதில் தப்பு ஒன்றுமில்லை. நல்ல பிள்ளை. ஆனால் அக்கா ஒருமுறை புனேக்குப் போய்விட்டு வந்து என்னிடம் சொன்னது எனக்கு நினைவிருந்தது. “எதுத்த வூட்டுக் கதவு தொறந்து நான் பாக்கலம்மா. அங்க யாருக்கு என்னாத்த குடுக்கறது?” அதைச் சொல்லும்போது அவர் குரல் இறங்கிவிட்டது. அங்கே போனால் அவர் ரொம்ப நாள் தாங்கமாட்டார் என்று எனக்குப் பட்டது.

வழி கண்டுபிடித்ததும் மகன்தான். ஒரு வீடியோ அனுப்பினார். உட்கார்ந்து ஓட்டுகிற புல்வெட்டி வண்டி. ஸ்டீயரிங் கிடையாது, இரண்டு பக்கமும் இரண்டு கைப்பிடி. நின்ற இடத்திலேயே பம்பரம் மாதிரி திரும்பும், மரத்தை உரசாமல் சுற்றி வரும். ஜீரோ டர்ன் என்று பெயர். முட்டிக்கு வேலையே இல்லை. அக்கா அந்த வீடியோவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அடுத்த வாரமே எங்கள் காரில் அக்கா, நான், என் வீட்டுக்காரர் மூன்று பேரும் ஓசூருக்குப் போனோம்.

கடையில் இரண்டு வண்டிகளைப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தியிருந்தார்கள். ஒன்று வீட்டு உபயோகத்துக்கு, ஒன்று கமர்ஷியல். எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரிந்தன. விற்பனைக்காரர் பொறுமையாகச் சொன்னார். “வில்லா வெச்சிருக்கறவங்கல்லாம் இந்த வீட்டு மாடல்தான் மேடம் எடுக்கறாங்க. லேசா இருக்கும், திருப்பறது சுலபம். கொஞ்ச நேரம் ஓட்டிட்டு நிறுத்திடலாம். அது கம்பெனிக்காரங்க நாள் முழுக்க ஓட்டறது. தகடு கனம், சக்கரம் பெருசு, இஞ்சினும் பெருசு. உங்களுக்கு அது தேவைப்படாதுங்க.”

அக்கா அதையெல்லாம் காதில் போட்டுக்கொள்ளவில்லை. முட்டி கடகடவென்று சத்தம் போடக் குனிந்தார். கத்தி சுழலுகிற அடிப்பெட்டியில் விரல் முட்டியால் தட்டினார். வீட்டு வண்டி டப்பா மாதிரி சத்தம் கொடுத்தது. கமர்ஷியல் வண்டி சத்தமே கொடுக்கவில்லை, அவர் விரல்தான் வலித்திருக்கும்.

மகன் வீடியோ காலில் இருந்தார். “அம்மா, நம்ம ஒரு தோப்புக்கு எதுக்கும்மா கமர்ஷியல்? லேசானத எடு. உன் கைக்கு அடங்கணும்.” நானும் அதையேதான் சொன்னேன். என் வீட்டுக்காரர் வாயே திறக்கவில்லை. எங்கள் தோப்புப் புல் அவர் மனக்கண்ணில் ஓடிக்கொண்டிருந்தது, எனக்குத் தெரியாதா!

அக்காவின் கண் கமர்ஷியல் வண்டியின் இருக்கைக்குப் பின்னால் நின்ற இரும்பு வளைவின்மேல் இருந்தது. உட்கார்ந்திருக்கிற ஆளின் தலைக்கு மேலே போகிற உயரம்.

“இது என்னாதுங்க? இதுல இருக்குது, அதுல இல்ல.”

“வண்டி கவுந்தா ஓட்டறவங்க நசுங்காம அது தாங்கிக்கும் மேடம். பெல்ட் போட்டுக்கணும். இந்த வீட்டு மாடல்ல அது வராதுங்க.”

“ஏன், வூட்டு மாடல் கவுழாதா?”

விற்பனைக்காரர் சிரித்தார். “சமமான இடத்துல ஓட்டறாங்க, அதான்.”

“எனக்கு மட்டுன்னா அதுவே போதுங்க. நான் பாத்து ஓட்டிக்குவேன். ஆனா இதுல நாலு தோப்புக்காரங்க ஏறுவாங்க. பண்ணைக்குட்டைக் கரையிலகூட வுட்டு அடிப்பாங்க. இந்தப் பெருசயே குடுங்க” என்றார் அக்கா. மகன் போனில் தலையில் கை வைத்துக்கொண்டார்.

வண்டியை அனுப்பும்போது விற்பனைக்காரர் நல்ல எண்ணத்தில் ஒன்று சொன்னார். தாழ்ந்த கிளை இருந்தால் இந்த இரண்டு பின்களையும் உருவிவிட்டு வளைவைப் பின்னால் மடக்கிக்கொள்ளலாம், தாண்டியதும் தூக்கி நிறுத்திவிட வேண்டும் என்றார். அக்கா நின்றுவிட்டார். “அந்தப் பின்ன எடுத்துட்டு போல்ட் போட்டு இறுக்கிக் குடுங்க. ஒரு தடவ மடக்கினா எங்க ஊர்ல எவனும் மறுபடி தூக்கி நிறுத்தமாட்டான்.” சொன்னபடி போல்ட் போட வைத்துத்தான் கிளம்பினார்.

ஊரில் பூஜை போட்டது ஒரு கூத்து. சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து, பூசாரி கற்பூரம் காட்டி, “எடுங்க” என்றார். அக்கா ஒரு கைப்பிடியைக் கொஞ்சம் கூடுதலாகத் தள்ளிவிட்டார். வண்டி முன்னால் போவதற்குப் பதிலாக அங்கேயே ஒரு சுற்று சுற்றியது. பூசாரி கற்பூரத் தட்டோடு மாரியம்மன் கோயில் படியேறி ஓடினார். பழம் நசுங்கவே இல்லை. “ஆத்தா வேணாங்கறா போல” என்று கூட்டத்தில் யாரோ சொல்ல, அக்கா கீழே பார்த்தபடி, “ஆத்தா இல்லீங்க, எனக்கு ஓட்டத் தெரியல” என்றார். அப்புறம் தோப்பில் கல் பொறுக்கி, பழைய புல்லை மிஷின்காரரைப் பிடித்து ஒருமுறை வெட்டிவிட்டு, இரண்டு மூன்று நாளில் கற்றுக்கொண்டார்.

ஊர் வாயைப் பிளந்தது அதற்கல்ல. மடக்க முடியாத அந்த வளைவுக்காக அக்கா தன் செந்தூரா மரங்களில் தாழ்ந்த கிளைகளை எல்லாம் வெட்டினார். காய்க்கிற கிளைகள்! அந்த உயரத்துக்கு ஒரு மூங்கில் கழியை நறுக்கி, அதைப் பிடித்தபடி ஒவ்வொரு மரத்தடியிலும் நடந்தார். கழி எங்கே இடித்ததோ அங்கே கிளை போயிற்று. வண்டி இரவல் வேண்டுமா, அதே சட்டம்தான். முந்தின நாளே கழியோடு வந்துவிடுவார். கழி இடிக்கிற தோப்புக்கு வண்டி வராது.

கீழ்த்தோப்புக்காரர் வேலியோரம் நின்று சத்தம் போட்டார். “மரத்துக்காக மிஷினா, மிஷினுக்காக மரமா? அந்த இரும்ப மடக்கினா ஆச்சு! பெத்த புள்ள மாதிரி வளத்த கெளைய வெட்டறதுக்கு எப்பிடித்தான் மனசு வருதோ!”

“கெள மறுபடி வரும்ங்க” என்றார் அக்கா. கழியோடு அடுத்த மரத்துக்குப் போனார். அந்த வண்டியைத் தொடவே மாட்டேன் என்று கீழ்த்தோப்புக்காரர் எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டுப் போனார்.

எங்கள் தோப்பில் பண்ணைக்குட்டைக் கரையோரம் ஓர் அல்போன்சா மரம் உண்டு. அதன் தாழ்ந்த கிளை ஒன்றை என் வீட்டுக்காரர் கழிக்குத் தப்ப வைத்தார். அக்கா வந்தபோது அந்தக் கிளையைக் கயிறு போட்டு மேலே இழுத்துக் கட்டி, அவர் போனதும் அவிழ்த்துவிட்டார். பூ விட்டிருந்த கிளை. ஆசை யாரை விட்டது! மறுநாள் வண்டி வந்தது. நான் அரூர் சந்தைக்குப் போயிருந்தேன். இவர் இருக்கைக்கு அடியில் இருக்கிற பெட்டியைத் திறந்து, ஸ்பேனரை எடுத்து, இரண்டு போல்ட்டையும் கழற்றி, வளைவை மடக்கிக்கொண்டு அந்தக் கிளைக்கு அடியில் போனார். போனவர் அப்படியே கரையோரம் திரும்பினார். முதல் நாள் தூறல். ஈரப்புல்லில் சக்கரம் வழுக்கி, வண்டி இவரோடு சேர்ந்து குட்டைக்குள் புரண்டது.

குட்டையில் தண்ணீர் அதிகமில்லை, சேறுதான். வண்டி இவர் இடுப்புக்குக் கீழே அழுத்திக்கொண்டது. முகம் பாதி தண்ணீரில். நிமிர முடியவில்லை, கத்த முடியவில்லை.

அக்கா தன் வீட்டுக்குள் இருந்தார். இஞ்சின் சத்தம் நின்ற விதம் சரியில்லை என்று அவருக்குப் பட்டதாம். நிறுத்தினால் இறங்கி இறங்கி நிற்கும், இது நறுக்கென்று நின்றது என்றார் பிறகு. உட்கார்ந்தால் எழ முடியாத மனுஷி, வேலிச் சந்து வழியாக ஓடி வந்திருக்கிறார். கரையில் சறுக்கிச் சேற்றில் இறங்கி, அந்தக் கெட்டுப்போன காலை ஊன்றி நின்று, இவர் தலையைத் தூக்கித் தன் மடியோடு பிடித்துக்கொண்டு கத்தியிருக்கிறார். கீழ்த்தோப்புக்காரர்தான் முதலில் ஓடி வந்தவர். அவரும் இன்னும் சில பேரும் சேர்ந்து வண்டியைப் புரட்டித் தள்ளும்வரை அக்கா அந்தக் காலை அசைக்கவே இல்லை. அதற்குப் பிறகு அசைக்க முடியவில்லை.

இவருக்கு மணிக்கட்டு உடைந்தது, அவ்வளவுதான். ஆள் எனக்குக் கிடைத்தார். நான் வந்து சேர்ந்தபோது அக்கா கட்டிலில் கிடந்தார். நான் அவர் காலைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அவர் இவரைத் திட்டவே இல்லை. “அந்த ரெண்டு போல்ட்டு எங்க வுழுந்துதுன்னு தேடி எடுத்து மாட்டச் சொல்லு” என்று மட்டும் சொன்னார். இவர் உடையாத கையால் சேற்றைத் துழாவி எடுத்துவந்து மாட்டினார். அந்த அல்போன்சாக் கிளையையும் இவரே பக்கத்தில் நின்று ஆள் வைத்து வெட்டினார்.

முட்டி போய்விட்டது. மாற்றினால்தான் நடக்கலாம் என்றார்கள். மகன் ஓடி வந்தார். ஆபரேஷன் முடிந்ததும் நேராகப் புனேதான் என்றார், குத்தகைக்கு ஆளும் பேசி வைத்துவிட்டார். அக்கா எதிர்த்துப் பேசவில்லை. எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

சேலத்து ஆஸ்பத்திரிக்குக் காரில் போனோம். மகன் முன்னால், அக்கா பின்னால் என் மடியில் காலை நீட்டிக்கொண்டு. தொப்பூர்க் கணவாய் இறக்கத்தில் லாரிகள் ஊர்ந்துகொண்டிருந்தன. அக்கா கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே வந்தார். “பிரேக்கு எந்த மாதிரி சாமான்னு இந்த எறக்கத்துலதான் தெரியும்” என்றார். வழியெல்லாம் அவர் பேசியது அவ்வளவுதான்.

டாக்டர் மேஜைமேல் இரண்டு செயற்கை முட்டிகளை எடுத்து வைத்தார். “ரெண்டு வகை இருக்கும்மா. வீட்டுக்குள்ள நடமாடிக்கிட்டு கோயில் குளம்னு போய்ட்டு வர்றவங்களுக்கு இது போதும். வேல வெட்டி செய்யறவங்களுக்கு இது. தேய்மானம் கம்மி, நாள்பட உழைக்கும். உங்க வயசுக்கு எது வேணும்னு நீங்கதான் சொல்லணும்.”

அக்கா கை நீட்டி இரண்டையும் தட்டிப் பார்ப்பார் என்று எதிர்பார்த்தேன். கை மடியிலேயே கிடந்தது. “மொதல்ல சொன்னதே போதுங்க. எனக்கு மட்டுந்தானே” என்றார்.

எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ! டாக்டர் இருக்கிறார், மகன் இருக்கிறார், எதையும் பார்க்கவில்லை.

“என்னாக்கா எனக்கு மட்டும்? எனக்கு மட்டும், எனக்கு மட்டும்னு இத்தன நாளு சொன்னீங்க, நானும் கேட்டுக்கிட்டு இருந்தேன். டாக்டர், இந்தம்மா கால் வூட்டுக்கால் இல்லீங்க. நாலு தோப்பும் அந்தக் கால நம்பித்தான் நிக்குது. என் வூட்டுக்காரர் இன்னிக்கு மூச்சு வுடறாருன்னா அந்தக் கால் சேத்துல அசையாம நின்னதாலதான். எது எத்தன கைக்குத் தாங்கும்னு பாருங்க. தாங்கறத போடுங்க!”

மகன், “பெருசயே போடுங்க டாக்டர்” என்றார். அக்கா என்னை நிமிர்ந்து பார்த்தார். “ரொம்பத்தான் பேசற நீ” என்றார். கண் தளும்பியிருந்தது. அப்புறம் மெதுவாகக் கையை நீட்டி, அந்தக் கனமான முட்டியை ஒரு தட்டுத் தட்டினார்.

புனேக்குப் போகவில்லை. தையல் பிரித்து, நடை பழகி, ஊருக்கு வந்தவர் ஒருநாள் மகன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வண்டியில் ஏறி உட்கார்ந்தார், பெல்ட்டை மாட்டினார், வீட்டைச் சுற்றிப் புல்லை வெட்டிவிட்டு இறங்கினார். யார் கையையும் பிடிக்காமல் இறங்கினார். மகன் குத்தகைப் பேச்சை அதோடு விட்டுவிட்டார். அதற்குப் பிறகு வந்த மழைக்காலங்களில் எல்லாம் அந்தக் காலோடு அக்கா நான்கு தோப்புகளிலும் கழி பிடித்து நடந்தார், எல்லோரையும் அதட்டினார், ஓட்டலுக்குச் செய்த சாமான்களாக வாங்கிக் குவித்தார். புதுச் செருப்பும் ஒன்று வாங்கினார். நான்தான் வாங்க வைத்தேன். தடித்த தோல் செருப்பு.

போன வருஷம் ஒரு மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. அவர் வீட்டில், அவர் தோப்புக்கு நடுவில். அவர் அண்டாவில்தான் எல்லோருக்கும் டீ போட்டோம். அவர் ஜமக்காளத்தில்தான் ஊரே உட்கார்ந்தது. அன்றைக்குத்தான் அது சரியான அளவு என்று தெரிந்தது.

எங்கள் பக்கம் பெண்கள் சுடுகாட்டுக்குப் போவதில்லை. மறுநாள் காலையில் பால் தெளித்து எலும்பு பொறுக்க அவர் மகனோடு என் வீட்டுக்காரர் போனார். சாம்பலுக்குள் அந்த முட்டி கிடந்ததாம். கொஞ்சம் கறுத்திருந்தது, மற்றபடி அப்படியே. மகன் அதைக் கையில் வைத்துக்கொண்டு அழுதிருக்கிறார். எலும்போடு சேர்த்து ஒகேனக்கல் ஆற்றில் விடலாமென்றால் அவருக்கு மனசு வரவில்லை, புனேக்கு எடுத்துப் போகவும் தோன்றவில்லை. என் வீட்டுக்காரர் கையில் கொடுத்துவிட்டார்.

இவர் அதைத் துண்டில் சுற்றிக்கொண்டு வந்து வாசலில் நிற்கிறார். “ஐயோ, சுடுகாட்டுச் சாமான வூட்டுக்குள்ள கொண்டாராதீங்க!” என்றேன். என்ன செய்வார் பாவம். அக்காவின் வண்டி அப்போது எங்கள் கொட்டகையில்தான் நின்றது. கேட்கிறவர்களுக்குக் கொடுங்கள் என்று மகன் சொல்லியிருந்தார். இவர் இருக்கைக்கு அடியில் இருக்கிற பெட்டியைத் திறந்து, ஸ்பேனருக்குப் பக்கத்தில் அதை வைத்து மூடிவிட்டார். எடுத்துவிடச் சொல்லலாம் என்று இருந்தேன். நாளாக ஆக எனக்கே அது அங்கே இருக்கட்டும் என்று ஆகிவிட்டது.

இந்த மழைக்கு யார் வந்தார் தெரியுமா? கீழ்த்தோப்புக்காரர். வெட்ட ஆள் கிடைக்கவில்லை, அவர் தோப்பில் ஒரு விரியனையும் பார்த்துவிட்டார். வண்டியைத் தொடமாட்டேன் என்று சொன்னவர் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். நான் ஒன்றும் கிண்டல் செய்யவில்லை. சாவியை எடுத்துக் கொடுத்தேன். கழியையும் கொடுத்தேன்.

“கழி எதுக்கும்மா? தாழ்வா இருக்கறது ஒரே ஒரு கெள. பெங்களூராக் கெள, காய் அப்பிடி புடிக்கும். இந்த இரும்ப ஒரு நிமிஷம் மடக்கிக்கறேன், யாருக்குத் தெரியப்போவுது” என்று சொல்லிக்கொண்டே கொட்டகைக்குப் போனார். பெட்டி திறக்கிற சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு ஒரு சத்தமும் இல்லை.

நான் போய் எட்டிப் பார்த்தேன். மனுஷர் பெட்டியைப் பார்த்தபடி குனிந்த மேனிக்கு நின்றுகொண்டிருந்தார்.

“என்னாதும்மா இது?”

“அக்கா முட்டிங்க” என்றேன்.

அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். ஸ்பேனரைத் தொடவில்லை. பெட்டியை மெதுவாக, சத்தம் வராமல் மூடினார். சுவரோரம் சாத்தியிருந்த கழியை எடுத்துக்கொண்டார்.

“நான் கெளையவே வெட்டிக்கறேம்மா” என்றார்.